மூச்சு எண்ணும் டைமர்: எட்டு வருடம் கழுத்தில் மாட்டியவளின் விமர்சனம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த டைமர் டிக் டிக் என்று சத்தம் போடும்.

அழுத்தியதிலிருந்து நொடிக்கு ஒரு டிக். 30-வது நொடியில் ஒரு பீப். 60-வது நொடியில் இன்னொரு பீப், கணக்கு முடிந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா, கழுத்தில் மாட்ட ஒரு கயிறு. இருமலோடு வரும் குழந்தை நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணத் தருகிறார்கள். அந்த வேலைக்கு இந்தச் சத்தமே எதிரி.

போன வருடம் என்னிடம் வேலை பழக வந்த பெண் முதல் நாளில் மூன்று குழந்தைகளுக்கு எண்ணினாள். மூன்றுக்கும் 60. எனக்கு எங்கோ உதைத்தது. நான்காவதாக, அசந்து தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளையைக் காட்டி எண்ணச் சொன்னேன். அதற்கும் 60! பாவம், அவள் எண்ணியது மூச்சை இல்லை, டிக்கை. கண் நெஞ்சிலேயே இருந்தாலும் காது சத்தத்தின் பின்னால் போய்விடுகிறது. அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை. முதல் மாதம் நானும் அதையேதான் செய்தேன்.

இரண்டாவது குறை அந்த 30-வது நொடி பீப். புதிதாக வந்தவர்கள் பீப் கேட்டதும் ஆளை விட்டால் போதும் என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். பத்து மாதக் குழந்தைக்கு 27 என்று நோட்டில் இருந்தால் யார் பதறப் போகிறார்கள்? உண்மையில் அது 54. அது நிமோனியா.

இந்த டப்பாவைத் தனியாக விமர்சித்துப் பயனில்லை. இதோடு ஒரு பெட்டி வருகிறது: தண்ணீரில் கரையும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா, படம் போட்ட அட்டை, ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற சீட்டுப் புத்தகம். டாக்டர் இல்லாத, கடைசி வண்டி சாயங்காலமே போய்விடுகிற ஊர்களில், உள்ளூர்ப் பெண் ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்து இந்தப் பெட்டியையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் அப்படி ஒருத்தி. ஏறக்குறைய 70 வீடு என் பொறுப்பு. ஆகவே இது மொத்தப் பெட்டிக்கான விமர்சனம்.

எண்ணுக்கு வருகிறேன். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும்வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40. இரண்டு மாதம் நிறையாத பிஞ்சுக்கு 60, அதையும் இன்னொரு தரம் எண்ணி உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் மூச்சு நின்று நின்றுதான் வரும். பிஞ்சுக்கு மூச்சு வேகம் என்றால் மாத்திரை என் வேலை இல்லை, நேராக ஆஸ்பத்திரி.

ஏன் எண்ண வேண்டும் என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சளி கட்டி விறைத்துப்போன நுரையீரல் முழுதாக விரியாது. ஒரு மூச்சில் வர வேண்டிய காற்று வராததால் குழந்தை குட்டிக் குட்டி மூச்சாக அடுக்கி ஈடுகட்டும். இருமல் யாருக்குத்தான் இல்லை? இந்த அடுக்கல்தான் சளியையும் நிமோனியாவையும் பிரித்துக் காட்டுகிறது. பப்புவா நியூ கினியில் கோரோகா என்ற மலையூரில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் கூட்டாளிகளும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சொன்னார்கள். மூச்சின் வேகத்தை எண்ணி யாருக்கு மருந்து என்று முடிவு செய்யலாம், மூச்சை இழுக்கும்போது கீழ் நெஞ்சு உள்வாங்குவதைப் பார்த்து யாருக்கு ஆஸ்பத்திரி என்று முடிவு செய்யலாம். எக்ஸ்ரே வேண்டாம், ஸ்டெதாஸ்கோப்கூட வேண்டாம். என்னைப் போல பத்தாவது தாண்டாதவள் கையில் மருந்துப் பெட்டி வந்ததற்கு அந்த மாதிரி வேலைகள்தான் காரணம்.

எண்ணுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஏழு மாதக் குழந்தை. இரண்டு நாளாக இருமல். அன்று காலையிலிருந்து பால் குடிக்கும்போது நடுநடுவே வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்குகிறது. "சளிதான்க்கா, நெஞ்சுல கட்டிக்கிச்சு" என்றாள் அம்மா. மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டு, "எம்புள்ளைங்களுக்கு வராத சளியா? தானா எறங்கும்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. குழந்தை பால் குடித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது எண்ணினால் கணக்குத் தப்பும். அழும்போது எண்ணினால் அது கணக்கே இல்லை.

குடித்து முடித்து, அம்மா மடியில் மல்லாந்து கிடந்தது. "சட்டையத் தூக்கும்மா." "குளிருமேக்கா?" "ஒரு நிமிஷம்தான்." விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னேன். வயிறும் விலாவும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு போல நிழல் விழும். மூச்சு இழுத்தால் அந்த நிழல் நகரும். நான் பார்ப்பது அந்த நிழலைத்தான், முகத்தை இல்லை. முகத்தைப் பார்த்தால் குழந்தை சிரிக்கும், நாமும் சிரிப்போம், கணக்கு போய்விடும். டைமரை அழுத்தி முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். 58. மறுபடியும் ஒரு முறை. 56.

இனி மற்றது. கீழ் நெஞ்சு உள்ளே போகிறதா? இல்லை. குடிப்பதையெல்லாம் வாந்தி எடுக்கிறதா? இல்லை. வலிப்பு வந்ததா? இல்லை. சோர்ந்து கிடக்கிறதா? சோர்வா, என் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. சரி, வீட்டிலேயே பார்க்கலாம்.

பெட்டியிலேயே எனக்குப் பிடித்த சாமான் இந்த மாத்திரைதான். முன்பெல்லாம் இந்த வேலைக்குக் கோட்ரைமாக்சசோல் கொடுத்தார்கள், இப்போது அமாக்சிசிலின். ஒரு கரண்டி சுத்தமான தண்ணீரிலோ, பிழிந்தெடுத்த தாய்ப்பாலிலோ போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். சிரப் மாதிரி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கோடு பார்த்து, மீதியை எங்கே குளிர்ச்சியாக வைப்பது என்று முழிக்க வேண்டாம். 250 மில்லிகிராம் மாத்திரை. ஒரு வயதுக்குள் என்றால் வேளைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு வேளை, 5 நாள். ஆகப் பத்து. முதல் மாத்திரையை என் எதிரிலேயே கொடுக்க வைப்பேன். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதால் நானும் அங்கேயே இருப்பேன், ஊர்க்கதை பேசிக்கொண்டு.

மாத்திரை அட்டையின் முதுகில் பேனாவால் ஒரு சூரியன், ஒரு நிலா, ஒரு சூரியன், ஒரு நிலா என்று வரைந்து கொடுப்பேன். இது பயிற்சியில் சொல்லித் தந்ததில்லை.

மூன்றாம் நாள் திரும்பப் போனேன். 38. குழந்தை ஜம்மென்று இருந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தால் இரண்டாம் நாள் நிலாவோடு நின்றிருந்தது. "நல்லாயிருச்சுல்லக்கா, மிச்சத்த அடுத்த தடவைக்கு எடுத்து வெச்சிருக்கேன்." இது அலட்சியமில்லை, சிக்கனம். அதனால் கோபம் வராது, ஆனால் பயம் வரும். அட்டையை மாமியாரிடம் நீட்டினேன். "அத்தை, சூரியன் நிலா கணக்கு இனிமே உங்க பொறுப்பு." தானாக இறங்கும் என்றவர்தான் ஐந்தாம் நாள் காலி அட்டையை மடித்து என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த மூன்றாம் நாள் நடைக்குப் பெட்டியில் கருவி எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் இந்தச் சேவையில் பாதி வேலை அந்த நடைதான்.

டைமர் இல்லாமல் கண்ணாலேயே சொல்லிவிட முடியாதா? முடியும் என்று நினைத்துத்தான் ஒருமுறை கோட்டை விட்டேன். இரண்டு வயதுப் பையன், முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். "ஓடியாடுற புள்ளைக்கு என்ன வரப்போவுது" என்று நானே சொல்லிவிட்டு நடந்தேன். மறுநாள் இரவு தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டையைத் தூக்கினால், மூச்சை இழுக்க இழுக்க விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். முதல் நாளே அவனை உட்கார வைத்து ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு இருமல் என்று சொல்லி யார் வந்தாலும் கழுத்திலிருந்து டைமரை எடுத்துவிடுகிறேன்.

நெஞ்சு உள்வாங்கும் குழந்தைக்கு எங்கள் விதி எளிது: ஒரு வேளை மாத்திரை, ஒரு சீட்டு, உடனே ஆஸ்பத்திரி. எழுதுவது எளிது. ஒன்றரை வயதுக் குழந்தையோடு ஒருத்தி கேட்டாள்: "மத்த ரெண்டையும் எங்கக்கா விட்டுட்டுப் போறது?" சீட்டில் பெயர், வயது, மூச்சு எண்ணிக்கை, கொடுத்த மருந்து என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இதற்குக் கட்டம் இல்லை. அந்த இரண்டும் ஐந்து நாள் என் வீட்டில் தூங்கின. குழந்தை ஆக்சிஜன் வைத்துத் தேறி வந்தது. சீட்டின் பின்பக்கம் அங்கே என்ன செய்தார்கள், இனி நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி அனுப்ப வேண்டும். வெறும் தாளாகத்தான் வந்தது. எட்டு வருடத்தில் எழுதி வந்த சீட்டு ஒரு கையில் எண்ணிவிடலாம், டைமர் வேண்டாம்.

இந்த இடத்தில் பாகிஸ்தானின் ஹரிப்பூர் மாவட்ட ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே பெண் சுகாதாரப் பணியாளர்கள், நெஞ்சு உள்வாங்கும் குழந்தைகளுக்கே வீட்டில் வைத்து 5 நாள் அமாக்சிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் வழக்கம்போல ஒரு வேளை மருந்து, ஆஸ்பத்திரிச் சீட்டு. 2011-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் பார்த்ததில் சிகிச்சை பலிக்காமல் போனது 9%. சீட்டுக் கொடுத்து அனுப்பியதில் 18%. காரணம் கேட்டால் நான் என் வீட்டில் தூங்கிய அந்த இரண்டு பிள்ளைகளைத்தான் காட்டுவேன். இருந்தாலும், எங்கள் விதி மாறாதவரை நான் சீட்டுத்தான் எழுதுவேன். பால் குடிக்க முடியாத, வலிப்பு வந்த, எழுப்பினால் எழாத குழந்தை என்றால் விதி மாறினாலும் அனுப்பத்தான் வேண்டும். ஆக்சிஜன் என் பெட்டியில் இல்லை.

இப்போது பெரிய குறை. டிக் சத்தமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க மாத்திரை வரவில்லை. சளி காலம் என்று சொல்லத் தேவையில்லை, மழை வந்தால் இருமல் வரும் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். இருப்புப் பதிவேட்டில் "0" என்று எழுதி அனுப்பினேன். மறு வாரமும் "0". நேரில் போனால், "மேல கேட்டிருக்கோம்மா, வந்ததும் சொல்றோம்." அந்த மேலே எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்து எண்ணுகிறேன், 62. அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தேன், காலி என்று அவளுக்குத் தெரிய வேண்டாமென்று. பிறகு திறந்து காட்டிவிட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. விடியற்காலை வண்டிக்கு அனுப்பினேன். அதற்கடுத்த இரண்டு மாதம் இருமல் என்று என் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. நியாயம்தான். மருந்து வந்த பிறகு அவர்களைத் திரும்ப வரவைக்க, மருந்து வருவதற்கு ஆனதைவிட அதிக நாள் ஆயிற்று.

டைமருக்கு ஐந்துக்கு மூன்று. மாத்திரைக்கு ஐந்து. மாத்திரை வந்து சேரும் ஏற்பாட்டுக்கு ஒன்று, அதுவும் சில மாதங்கள் ஒழுங்காக வந்தது என்பதற்காக.

இன்னொரு கேள்வியும் வரும், படித்தவர்களிடமிருந்து: மூச்சு வேகமாக இருக்கிற எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் வீண்தானே? பாதி நியாயம். காய்ச்சல் இருந்தாலே மூச்சு ஏறும். இழுப்பு இருந்தாலும் ஏறும். வைரஸ் சளிக்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. மலாவியின் லிலாங்வேயில், வேகமூச்சு மட்டும் உள்ள குழந்தைகளில் ஒரு பாதிக்கு அமாக்சிசிலினும் இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த முடிவுப்படி, நான்காம் நாளுக்குள் சிகிச்சை பலிக்காமல் போனது மருந்தில் 4%, வெறும் மாத்திரையில் 7%. அதாவது பெரும்பாலான பிள்ளைகள் எப்படியும் தேறிவிடுகிறார்கள். நூற்றில் மூன்று பேருக்காகத்தான் மருந்து. அந்த மூன்று பேர் யார் என்று முன்கூட்டியே காட்டும் கருவி என் கழுத்தில் இல்லை. இருந்தால் மற்ற 97 பேருக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்க மாட்டேன். அதுவரை கொடுப்பேன், எண்ணிவிட்டு. எண்ணாமல் கேட்பவர்களுக்கு, சொந்தக்காரர்களே ஆனாலும், கொடுக்க மாட்டேன். இதனால் எனக்கு வீட்டில் இரண்டு சண்டை பாக்கி இருக்கிறது.

மாற்றுக் கருவிகளையும் சொல்ல வேண்டும். எண்ணத் தெரியாதவர்களுக்குப் பாசிமணி கோத்த கயிறு உண்டு. மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும், நிறம் மாறும் இடத்தைத் தாண்டினால் நிமோனியா. எனக்குப் பிடித்த ஏற்பாடு. விரல் மூச்சோடு நகர்வதால் மனம் அலைவதில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதி அபய் பங்கும் ராணி பங்கும் 1990-களின் தொடக்கத்திலேயே ஒரு நிமிட மணல் கடிகாரத்தையும் மணிகளையும் சேர்த்து இப்படி ஒரு மூச்சு எண்ணி செய்து, எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளிடம் கொடுத்தார்கள். மணலுக்கு டிக் சத்தம் கிடையாது! போனில் மூச்சுக்கு ஒரு தட்டு தட்டும் செயலியும் இருக்கிறது, ஆனால் போனைப் பார்த்த குழந்தை போனைத்தான் கேட்கும். வயிற்றில் கட்டும் பட்டை ஒன்று, தானே எண்ணிக்கொள்ளும். பயிற்சியில் இரண்டு வாரம் தந்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். குழந்தை அசையாமல் இருந்தால் அருமை. அசையாத குழந்தையை நானே எண்ணிவிடுவேனே. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எனக்கு உண்மையிலேயே வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் 90%-க்குக் கீழே போன குழந்தையை எந்தக் கண்ணும் சரியாகக் கண்டுபிடிக்காது. ஆனால் பெரியவர்கள் விரலுக்குச் செய்த கிளிப்பைக் கைக்குழந்தைக்கு மாட்டி வரும் எண்ணை நம்ப வேண்டாம். பிஞ்சுக்கால் பாதத்தில் சுற்றுகிற மாதிரி வேறே வருகிறது, அது வேண்டும்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் கழற்றவில்லை? 2019-ல் மட்டும் உலகத்தில் 7,40,180 குழந்தைகள் ஐந்து வயது நிறையும் முன்பே நிமோனியாவில் போனார்கள். கிராமத்திலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்த பல இடத்து ஆய்வுகளை 2003-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வயதுக் குழந்தைகளின் நிமோனியா சாவு 36%, எல்லாக் காரணங்களையும் சேர்த்த மொத்தச் சாவு 24% குறைந்திருந்தது. தடுப்பூசி, தாய்ப்பால், அடுப்புப் புகை இல்லாத வீடு எல்லாம் இதைவிடப் பெரிய விஷயங்கள், அவற்றைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். ராத்திரி கதவைத் தட்டுகிறவளிடம் அதையெல்லாம் பேச முடியாது.

புதிதாக இந்த டைமரைக் கையில் வாங்குகிறவர்களுக்கு: சத்தம் வருகிற ஓட்டையின் மேல் பிளாஸ்திரி ஒட்டுங்கள், இரண்டு அடுக்கு. டிக் அமுங்கிவிடும், பீப் கேட்கும். முதல் பீப்புக்கு எழுந்திருக்காதீர்கள். டைமரை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

என்னிடம் பழக வந்த பெண்ணின் டைமருக்கும் அப்படித்தான் ஒட்டிக் கொடுத்தேன். நேற்று அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 34, 47, 29, 52, 41. அந்த 52-க்கு நேராக, எட்டு மாதம் என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன் போட்டிருந்தாள்.